பிள்ளைகளுக்குச் சட்டம் போட்ட வேலி

ரயில் பாதையில் நடந்து சோதனை செய்யும் கீமேனுக்கு ஒரு விதி உண்டு. தண்டவாளத்தில் விரிசல் கண்டால் முதலில் வண்டியை நிறுத்த வழி செய்ய வேண்டும். அகலப் பாதையில் 600 மீட்டர் தள்ளி ஒரு டெட்டனேட்டர், 1200 மீட்டர் தள்ளிப் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று டெட்டனேட்டர்கள் வைத்து, கையில் சிவப்புக் கொடியுடன் நிற்க வேண்டும். விரிசல் எவ்வளவு ஆழம், வண்டி தாங்குமா தாங்காதா, யார் கவனக்குறைவு என்பதெல்லாம் பிறகு அதிகாரிகள் பார்த்துக்கொள்வார்கள். கீமேன் ஆராய்ச்சி செய்ய வேண்டியதில்லை. ஆபத்து என்று தோன்றினாலே கொடியைக் காட்ட வேண்டும். காட்டாமல் நடந்து போனால் அவர் மீது நடவடிக்கை உண்டு.

சிக்னல் பிரிவில் டிப்ளமோ படித்துவிட்டுச் சேர்ந்து, முப்பத்தெட்டு ஆண்டுகள் இந்த விதிகளோடு வாழ்ந்தவன் நான். குழந்தைகளைக் காக்கும் சட்டத்தை ஓய்வு பெற்ற பின்தான் உட்கார்ந்து படித்தேன். அப்போது அதிலும் இதே விதி இருப்பதைக் கண்டேன். நம் சங்கத்தில் பல அன்பர்களிடம் பேசிப் பார்த்ததில், வருமான வரிச் சட்டத்தில் கரை கண்டவர்களுக்குக்கூட இந்தச் சட்டம் தெரிந்திருக்கவில்லை. "ரயில்வேக்காரருக்குச் சட்டத்தில் என்ன வேலை?" என்று சிலர் கேட்கலாம். வக்கீல் தொழிலுக்கு நான் போட்டிக்கு வரவில்லை. பேரன் பேத்தி உள்ளவன் தெரிந்துகொள்ள வேண்டியதைத் தெரிந்துகொண்டேன். அதை உங்களோடு பகிர்ந்துகொள்கிறேன், அவ்வளவே.

நூறாண்டு வரலாறு

குழந்தைகளுக்கென்று தனிச் சட்டம் இயற்றியதில் நம் சென்னை மாகாணமே முன்னோடி. 1920-இல் சென்னைக் குழந்தைகள் சட்டம் வந்தது. 1922-இல் வங்காளமும், 1924-இல் பம்பாய் மாகாணமும் பின்தொடர்ந்தன. குற்றம் செய்த சிறுவர்களைப் பெரியவர்களோடு ஒரே சிறையில் அடைக்கக் கூடாது என்பதே அன்றைய முக்கியமான கவலை.

சுதந்திரத்துக்குப் பின் நம் அரசியல் சட்டம் 14 வயதுக்குட்பட்டவர்களைத் தொழிற்சாலை, சுரங்கம், ஆபத்தான வேலை ஆகியவற்றில் அமர்த்துவதை 24-ஆவது பிரிவில் தடை செய்தது. 1960-இல் மத்திய அரசு தன் நேரடி ஆட்சிப் பகுதிகளுக்கென ஒரு குழந்தைகள் சட்டம் இயற்றியது. ஆனால் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறுபட்டது. ஷீலா பார்சே என்ற பத்திரிகையாளர் தொடுத்த பொதுநல வழக்கில், குழந்தைகளைச் சிறையில் வைக்கக் கூடாது, நாடு முழுவதற்கும் ஒரே சட்டம் வேண்டும் என்று 1986-இல் உச்ச நீதிமன்றம் வலியுறுத்தியது. அதே ஆண்டு சிறார் நீதிச் சட்டம் பிறந்தது. அதில் ஆண் பிள்ளைக்கு 16 வயது, பெண் பிள்ளைக்கு 18 வயது என்று எல்லை வகுத்திருந்தார்கள். 1992-இல் இந்தியா ஐ.நா. குழந்தைகள் உரிமை உடன்படிக்கையில் சேர்ந்தது. அதன் பின் 2000-ஆம் ஆண்டின் புதிய சட்டம் இருபாலருக்கும் 18 வயது என்று ஒரே எல்லை வைத்தது. இப்போது நடைமுறையில் இருப்பது 2015-இல் நிறைவேறி, 2016 ஜனவரி 15 முதல் அமலுக்கு வந்த சிறார் நீதிச் சட்டம்.

இதில் 75-ஆவது பிரிவை ஒவ்வொரு வீட்டிலும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். குழந்தையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் அதை அடித்தாலோ, கைவிட்டாலோ, வேண்டுமென்றே கவனிக்காமல் விட்டு அதன் உடலுக்கோ மனதுக்கோ தேவையற்ற துன்பம் நேரச் செய்தாலோ, மூன்றாண்டு வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். குழந்தைகளைப் பராமரிக்கும் நிறுவனத்தில் வேலை செய்பவர் இதைச் செய்தால் ஐந்தாண்டு வரை சிறை, ஐந்து லட்சம் வரை அபராதம். பிள்ளைகளைப் பிச்சை எடுக்க வைப்பது, போதைப் பொருள் கொடுப்பது, விலைக்கு விற்பது, வேலைக்கு வைத்துச் சம்பளத்தைப் பிடித்துக்கொள்வது ஆகிய ஒவ்வொன்றும் தனித்தனிக் குற்றம்.

2012-க்கு முன்னும் பின்னும்

மத்திய பெண்கள், குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் பேசிக் கண்டறிந்தது அது. மூன்றில் இரண்டு குழந்தைகள் அடி உதை வாங்கியதாகச் சொன்னார்கள். ஏதாவது ஒரு வகைப் பாலியல் தொல்லைக்கு ஆளானதாகச் சொன்னவர்கள் 53 சதவீதத்துக்கு மேல். தொல்லை கொடுத்தவர்களில் பலர் குழந்தைக்கு நன்கு தெரிந்தவர்கள், குழந்தை நம்பியவர்கள். ஆண் பிள்ளைகளும் பெண் பிள்ளைகளும் ஏறக்குறைய சம அளவில் பாதிக்கப்பட்டிருந்தார்கள்.

அன்று இருந்த இந்தியத் தண்டனைச் சட்டத்தில் குழந்தைகளுக்கென்று தனி ஏற்பாடு போதவில்லை. ஆண் பிள்ளைக்கு நேர்ந்த கொடுமையைச் சொல்லப் பொருத்தமான பிரிவே இல்லை. இந்தக் குறையை நீக்க வந்ததுதான் போக்சோ என்று சுருக்கமாக வழங்கும் பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம். 2012 நவம்பர் 14, குழந்தைகள் தினத்தன்று அது அமலுக்கு வந்தது. ஆண், பெண் என்ற பேதமின்றி 18 வயது நிரம்பாத எல்லோரையும் அது காக்கிறது. 2019-இல் தண்டனைகள் கடுமையாக்கப்பட்டன. போலீஸ்காரர், ஆசிரியர், மருத்துவமனை ஊழியர், நெருங்கிய உறவினர் போன்ற நம்பிக்கைக்குரிய இடத்தில் இருப்பவர் செய்தால் தண்டனை இன்னும் அதிகம்.

2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டம் போய் பாரதிய நியாய சன்ஹிதா வந்துவிட்டது. போக்சோ சட்டமும் சிறார் நீதிச் சட்டமும் தனிச் சட்டங்கள் என்பதால் அவை அப்படியே தொடர்கின்றன. "பழைய சட்டமெல்லாம் ரத்தாகிவிட்டதாமே" என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம்.

நம் நாக்பூரிலிருந்து டெல்லி சென்ற வழக்குகள்

இந்தச் சட்டத்தின் பொருளைத் தெளிவாக்கிய இரண்டு முக்கியத் தீர்ப்புகள் நம் ஊர் உயர்நீதிமன்றக் கிளையிலிருந்து மேல்முறையீட்டுக்குப் போனவை.

முதலாவது, 12 வயதுச் சிறுமியிடம் ஒருவன் தவறாக நடந்த வழக்கு. உடையின் மேல் தொட்டதால், தோலோடு தோல் படவில்லை, ஆகவே இது போக்சோ சட்டத்தின் கீழ் வராது என்று 2021 ஜனவரியில் இங்கே தீர்ப்பாயிற்று. நாடெங்கும் அதிர்ச்சி. சில நாட்களிலேயே உச்ச நீதிமன்றம் அதை நிறுத்தி வைத்தது. 2021 நவம்பர் 18 அன்று மூன்று நீதிபதிகள் கொண்ட அமர்வு அந்தத் தீர்ப்பை ரத்து செய்தது. குற்றத்தைத் தீர்மானிப்பது கெட்ட நோக்கமே. இடையில் துணி இருந்ததா என்பது இல்லை என்று விளக்கியது. சட்டத்தைக் குறுக்கிப் பொருள் கொண்டால் அது எதற்காக இயற்றப்பட்டதோ அந்தக் காரணமே அழிந்துவிடும் அல்லவா?

இரண்டாவது, சந்திரபூர் மாவட்டத்தில் ஒரு பள்ளி விடுதிச் சிறுமிகள் சம்பந்தப்பட்டது. சிறுமிகளுக்கு நேர்ந்ததைச் சிகிச்சை அளித்தபோதே அறிந்தும் போலீசுக்குத் தெரிவிக்கவில்லை என்று ஒரு மருத்துவர் மீது குற்றச்சாட்டு. உயர்நீதிமன்றக் கிளை அந்த வழக்கை அவரைப் பொறுத்தவரை ரத்து செய்தது. 2022 நவம்பர் 2 அன்று உச்ச நீதிமன்றம் அதை மாற்றி, வழக்கு நடக்கட்டும் என்றது. அறிந்தும் தெரிவிக்காமல் இருப்பது கடுமையான குற்றம், பல நேரங்களில் உண்மைக் குற்றவாளியைக் காப்பாற்றும் முயற்சி என்று கூறியது. அந்த மருத்துவர் குற்றவாளி என்று அந்தத் தீர்ப்பு சொல்லவில்லை; விசாரணை நடக்க வேண்டும் என்றுதான் சொன்னது. நமக்கு வேண்டிய பாடம் தகவல் சொல்லும் கடமையைப் பற்றியது.

மறைப்பதும் குற்றமே

கீமேன் விதியைப் பற்றி மேலே சொன்னேன். போக்சோ சட்டத்தின் 19-ஆவது பிரிவு அதேதான். ஒரு குழந்தைக்கு இப்படிப்பட்ட குற்றம் நடந்தது என்று தெரிந்தாலும், நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலும், எவராக இருந்தாலும் போலீசுக்குத் தகவல் தர வேண்டும். சாட்சி திரட்ட வேண்டியதில்லை, நிரூபிக்க வேண்டியதில்லை. தெரிவிக்கத் தவறினால் ஆறு மாதம் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். ஒரு நிறுவனத்தின் பொறுப்பாளர் தன் கீழ் வேலை செய்பவர் செய்த குற்றத்தை மறைத்தால் ஓராண்டு வரை சிறையும் அபராதமும். பள்ளி, விடுதி, டியூஷன் மையம், ஏன், நம்மைப் போன்ற சங்கத்தின் பொறுப்பாளர்களும் இதைக் கவனிக்க வேண்டும். குழந்தைக்கு மட்டும் இந்தத் தண்டனை கிடையாது. பயந்து சொல்லாமல் இருந்த பிள்ளையைச் சட்டம் குறை சொல்வதில்லை.

நல்லெண்ணத்தோடு தகவல் தந்தவர் மீது, பிறகு அது தவறென்று தெரிந்தாலும், வழக்குப் போட முடியாது. அதற்கும் அதே பிரிவில் பாதுகாப்பு இருக்கிறது. வேண்டுமென்றே அவதூறு செய்யப் பொய்ப் புகார் கொடுப்பவருக்குத்தான் தண்டனை.

நம் குடும்பங்களில் இதற்கு வரும் பதில் எனக்குத் தெரியும். "வெளியே தெரிந்தால் மானம் போய்விடும். நாளைக்குப் பெண்ணுக்குக் கல்யாணம் ஆக வேண்டாமா? பிழைக்க வந்த ஊரில் கோர்ட், போலீஸ் என்று அலைய முடியுமா?" இந்தப் பயத்தை நான் கேலி செய்ய மாட்டேன். சொந்த பந்தம் ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும்போது அது இரண்டு மடங்காகும். ஆனால் சட்டம் இயற்றியவர்களும் இந்தப் பயத்தை அறிந்தே இருந்தார்கள். அதனால்தான் கீழ்க்கண்ட ஏற்பாடுகளைச் செய்திருக்கிறார்கள்.

குழந்தையின் பெயர், முகவரி, படம், பள்ளி, குடும்ப விவரம் எதையும் பத்திரிகையிலோ வேறு எங்குமோ வெளியிடக் கூடாது. வெளியிட்டால் தண்டனை. 2018 டிசம்பரில் உச்ச நீதிமன்றமும் இதை வலியுறுத்தியது.

வாக்குமூலம் வாங்கக் குழந்தையை ஸ்டேஷனுக்கு இழுக்கக் கூடாது. வீட்டிலோ, குழந்தை விரும்பும் இடத்திலோ, இயன்றவரை சப்-இன்ஸ்பெக்டர் பதவிக்குக் குறையாத பெண் அதிகாரி, சீருடை இல்லாமல் வந்து கேட்க வேண்டும். பெற்றோரோ, குழந்தை நம்பும் வேறொருவரோ உடன் இருக்கலாம். எந்தக் காரணத்துக்காகவும் இரவில் குழந்தையைப் போலீஸ் ஸ்டேஷனில் வைத்திருக்கக் கூடாது.

பெண் குழந்தைக்கு மருத்துவப் பரிசோதனையைப் பெண் மருத்துவரே செய்ய வேண்டும்.

விசாரணை தனிச் சிறப்பு நீதிமன்றத்தில், பொதுமக்கள் இல்லாமல் மூடிய அறையில் நடக்கும். குற்றம் சாட்டப்பட்டவரின் முகத்தைப் பார்த்துக் குழந்தை சாட்சி சொல்ல வேண்டியதில்லை. திரும்பத் திரும்ப அழைக்கக் கூடாது. மிரட்டும் கேள்விகளை நீதிபதி அனுமதிக்கக் கூடாது. வழக்கை ஏற்ற 30 நாட்களுக்குள் குழந்தையின் சாட்சியத்தைப் பதிவு செய்து, இயன்றவரை ஓராண்டுக்குள் வழக்கை முடிக்க வேண்டும்.

இலவச வக்கீல் உதவி மாவட்டச் சட்டப்பணிகள் ஆணையம் மூலம் கிடைக்கும். முதல் தகவல் அறிக்கை பதிவான பிறகு எந்தக் கட்டத்திலும் இடைக்கால நிவாரணத் தொகை வழங்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு.

எல்லா இடத்திலும் இது எழுத்துக்கு எழுத்து நடக்கிறதா என்றால், இல்லை. வழக்குகள் தேங்குகின்றன. 100-க்கு மேல் வழக்குகள் உள்ள மாவட்டங்களில் தனி நீதிமன்றம் வேண்டும் என்று 2019 ஜூலையில் உச்ச நீதிமன்றமே உத்தரவிட நேர்ந்தது. ஆனால் உரிமை இன்னதென்று தெரிந்தவர் கேட்டு வாங்க முடியும். தெரியாதவருக்கு யாரும் வீடு தேடி வந்து கொடுப்பதில்லை.

பிளாட்பாரத்தில் ஒரு பையன்

நாக்பூர், வடக்கும் தெற்கும் சந்திக்கும் ஜங்ஷன். சென்னையிலிருந்து டெல்லி போகும் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், கிராண்ட் ட்ரங்க் எக்ஸ்பிரஸ் எல்லாம் இந்த வழிதான். வீட்டை விட்டு ஓடி வரும் பிள்ளைகள், வேலைக்கென்று அழைத்துப் போகப்படும் பிள்ளைகள், கூட்டத்தில் தவறிய பிள்ளைகள் எல்லோரும் ரயில் நிலையத்தில்தான் முதலில் கண்ணில் படுவார்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளை எப்படிக் கையாள வேண்டும் என்று 2015-இல் ரயில்வே ஒரு நடைமுறையை வகுத்தது. பெரிய நிலையங்களில் குழந்தைகள் உதவி மையம் இருக்கிறது. ரயில்வே பாதுகாப்புப் படையினர் மீட்கும் பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் ஆஜர்படுத்த வேண்டும். ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள் கொண்ட இந்தக் குழுவுக்கு மாஜிஸ்திரேட்டுக்கு உள்ள அதிகாரம் உண்டு. பிள்ளையை எங்கே தங்க வைப்பது, வீட்டுக்கு அனுப்புவதா, வீடே ஆபத்தானதா என்று முடிவு செய்வது இவர்கள்தான்.

நான் ஓய்வு பெற்றுச் சில மாதங்கள் ஆகியிருக்கும். ஸ்டேஷனில் இன்னும் வேலையில் இருந்த பழைய நண்பர் போன் செய்தார். "சார், மதறாஸிப் பையன் ஒருத்தன். பதினொரு, பன்னிரண்டு வயசு இருக்கும். பேசறது யாருக்கும் சரியா புரியலை. கொஞ்சம் வரமுடியுமா?" என்றார். போனேன். பையனின் பெயரையும் ஊரையும் இங்கே எழுத மாட்டேன். எழுதச் சட்டம் இடம் தரவில்லை. தென் மாவட்டத்துப் பையன் என்பது மட்டும் போதும்.

நான் போவதற்கு முன்பே கொஞ்சம் தமிழ் தெரிந்த ஒரு டீக்கடைக்காரர் பையனிடம் பேசி, இந்தியில் சொல்லியிருந்தார். நல்ல மனிதர், நல்ல எண்ணத்தில்தான் உதவினார். தாளில் 'படே பாயி நே மாரா' என்று எழுதியிருந்தது. அதாவது, அண்ணன் அடித்தான். அண்ணன் தம்பிச் சண்டையில் கோபித்துக்கொண்டு ரயில் ஏறிவிட்டான், வீட்டுக்குத் தகவல் சொல்லி அனுப்பிவிடலாம் என்ற அளவில் பேச்சு போய்க்கொண்டிருந்தது.

நான் பாளையங்கோட்டைப் பக்கத்துக்காரன். நம் ஊர்ப் பேச்சைக் கேட்டதும் பையன் முகம் மாறியது. பிஸ்கட்டைக் கையில் வைத்துக்கொண்டு சொன்னான்.

"அண்ணாச்சி கரண்டிக் காம்பால அடிச்சாவ தாத்தா. ராத்திரி கதவப் பூட்டிட்டுப் போயிருவாவ."

"எந்த அண்ணாச்சிடா? ஒங்கூடப் பொறந்தவரா?"

"இல்ல தாத்தா. மொதலாளி அண்ணாச்சி."

நெல்லைச் சீமையில் கடை முதலாளியை அண்ணாச்சி என்போம் என்பது டீக்கடைக்காரருக்கு எப்படித் தெரியும்? அந்த ஒரே சொல்லில் விஷயம் தலைகீழானது. பையன் வீட்டை விட்டு ஓடி வந்தவன் இல்லை. வடக்கே ஓர் ஊரில் பலகாரம் போடும் இடத்துக்கு வேலைக்கென்று அனுப்பப்பட்டு, அங்கிருந்து தப்பி வந்தவன். அவனோடு இன்னும் இரண்டு பையன்கள் அங்கே இருந்தார்கள் என்பதும் அப்புறம்தான் வெளிவந்தது. அண்ணன் சண்டை என்று கோப்பை மூடியிருந்தால் அந்த இருவரைப் பற்றி யாருக்கும் தெரிந்திருக்காது.

14 வயது நிரம்பாத பிள்ளையை எந்தத் தொழிலிலும் வேலைக்கு வைக்கக் கூடாது என்று குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்டது. குடும்பத் தொழிலில் பள்ளி நேரம் போக உதவுவது போன்ற ஓரிரு விலக்குகள் மட்டுமே உண்டு. 14 முதல் 18 வரை உள்ளவர்களை ஆபத்தான வேலைகளில் வைக்கக் கூடாது. பையனின் பேச்சைக் குழுவின் முன்னும் நானே இந்தியில் சொன்னேன். ஒரு சொல்லும் கூட்டாமல், குறைக்காமல் சொல்ல வேண்டும் என்று அவர்கள் கேட்டுக்கொண்டார்கள். பிறகு அவன் சொந்த மாவட்டக் குழுவிடம் ஒப்படைக்கப்பட ஏற்பாடாயிற்று. அதன் பின் நான் அவனைப் பற்றி விசாரிக்கவில்லை. என் வேலை அவன் பேச்சை அவன் பேச்சாகவே கொண்டு சேர்ப்பது. அதற்கு மேல் அவன் வாழ்க்கையில் எட்டிப் பார்ப்பது முறையல்ல.

நம் சங்கம் செய்யக்கூடியது

அந்த நாளுக்குப் பிறகு நான் சட்டத்தில் தேடியது மொழியைப் பற்றி என்ன இருக்கிறது என்பதைத்தான். இருக்கிறது. குழந்தை சொல்வது பதிவு செய்பவருக்குப் புரியாத மொழியில் இருந்தால் மொழிபெயர்ப்பாளர் தர வேண்டும் என்று போக்சோ சட்டம் சொல்கிறது. போலீசில் தகவல் தரும்போதும், வாக்குமூலத்தின்போதும், கோர்ட்டில் சாட்சியின்போதும் இது பொருந்தும். 2020-ஆம் ஆண்டின் போக்சோ விதிகளின்படி, ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு மொழிபெயர்ப்பாளர்களின் பெயர்ப் பதிவேட்டை வைத்திருக்க வேண்டும். அதில் சேரப் பட்டம் தேவையில்லை. குழந்தையின் மொழியும் மாநில ஆட்சிமொழியும் பழக்கத்தில் தெரிந்திருக்க வேண்டும். தாய்மொழியாகவோ, ஆரம்பப் பள்ளியில் படித்த மொழியாகவோ, வேலை பார்த்த, குடியிருந்த ஊரில் கற்றதாகவோ இருக்கலாம்.

தமிழைத் தாய்மொழியாகக் கொண்டு, இந்த ஊரில் முப்பது நாற்பது ஆண்டுகள் வேலை பார்த்து மராட்டியும் இந்தியும் பேசப் பழகியவர்கள் நம் சங்கத்தில் எத்தனை பேர்! இந்த விதியை எழுதியவர்கள் நம்மை மனதில் வைத்து எழுதினார்களோ என்று எனக்குத் தோன்றியது. மதுரைப் பேச்சும் கோவைப் பேச்சும் நெல்லைப் பேச்சும் நாகர்கோவில் பேச்சும் அறிந்தவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். வேறு யாராலும் செய்ய முடியாத வேலை இது.

இதில் சேர்பவர்கள் மூன்று விஷயங்களைக் கடைப்பிடிக்க வேண்டும். குழந்தை சொன்னதை அப்படியே சொல்ல வேண்டும். 'இப்படிச் சொன்னால் நன்றாயிருக்கும்' என்று அழகுபடுத்தக் கூடாது. இரு தரப்பில் எவரேனும் தெரிந்தவராக இருந்தால் முன்கூட்டியே சொல்லி விலகிக்கொள்ள வேண்டும். கேட்டதை வீட்டில் மனைவியிடம்கூடப் பேசக் கூடாது.

நம் சங்கத்துக்குள்ளும் சில ஏற்பாடுகள் வேண்டும். ஞாயிற்றுக்கிழமைத் தமிழ் வகுப்பு, பாட்டு வகுப்பு, கோடை முகாம், பஸ் சுற்றுலா எல்லாம் நடத்துகிறோம். நடத்துபவர்கள் நல்லவர்கள் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் சிக்னல் வேலையில் நாங்கள் ஆள் நல்லவர் என்பதை நம்பி வண்டி விடுவதில்லை. நல்லவர் அசந்தாலும் விபத்து நேராதபடி இன்டர்லாக்கிங் செய்து வைக்கிறோம். ஆகவே, எந்த வகுப்பிலும் பெரியவர்கள் இருவர் இருக்கட்டும். தனி அறையில் ஒரு குழந்தையோடு ஒரு பெரியவர் மட்டும் இருக்க வேண்டாம். புகார் வந்தால் கமிட்டி கூடிச் சமரசம் பேசக் கூடாது. பஞ்சாயத்துப் பண்ண நமக்குச் சட்டத்தில் அதிகாரம் இல்லை. போலீசுக்குத் தெரிவிப்பது ஒன்றே வழி.

அடியாத மாடு படியாதா?

கடைசியாக ஒரு சங்கடமான விஷயம். கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, 2010 ஏப்ரல் முதல், பள்ளியில் குழந்தையை அடிப்பதையும் மனதைப் புண்படுத்துவதையும் தடை செய்திருக்கிறது. குழந்தைகள் இல்லங்களில் அடிப்பதைச் சிறார் நீதிச் சட்டம் தடுக்கிறது. ஆனால் வீட்டில் பெற்றோர் கண்டிப்பதற்காக அடிப்பதை முழுமையாகத் தடை செய்யும் தெளிவான சட்டம் நம் நாட்டில் இல்லை. 12 வயதுக்குட்பட்ட பிள்ளையின் நன்மைக்காக நல்லெண்ணத்தோடு பெற்றோர் செய்வதற்குப் பழைய தண்டனைச் சட்டத்தில் இருந்த விலக்கு, புதிய சன்ஹிதாவிலும் இடம்பெற்றிருக்கிறது. எல்லை மீறினால் 75-ஆவது பிரிவு பாயும். ஆனால் எல்லை எங்கே என்பது மங்கலாகவே இருக்கிறது.

நம் தலைமுறையில் எல்லோரும் பிரம்படி வாங்கியவர்கள்தாம். "வாங்கியதால்தான் உருப்பட்டோம்" என்று பெருமையாகவும் சொல்கிறோம். என்னோடு படித்து, அடி தாங்காமல் ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டவர்கள் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்த்தால் அந்தப் பெருமை எனக்கு வருவதில்லை. அவர்கள் இந்தப் பத்திரிகையில் கட்டுரை எழுத வரவில்லை. அதனால் அவர்கள் கதை நமக்குக் கேட்பதில்லை. அதோடு, அடித்து வளர்த்த பிள்ளை, வெளியே ஒருவன் தவறாக நடந்தால் வீட்டில் வந்து சொல்லுமா? 'நீ ஏன் அங்கே போனாய்?' என்று முதல் அடி தனக்கே விழும் என்று பயந்து வாயை மூடிக்கொள்ளும். சட்டம் எத்தனை இருந்தாலும், பிள்ளை வாய் திறந்தால்தான் அது வேலை செய்யத் தொடங்கும்.

செய்ய வேண்டியவை

குழந்தைகள் உதவிக்கு 1098. இரவு பகல் எந்நேரமும் இலவசம். 1996-இல் மும்பையில் சைல்டுலைன் என்ற பெயரில் தொடங்கிய இந்த எண், இப்போது அரசின் பொறுப்பில், அவசர உதவி எண் 112-உடன் இணைக்கப்பட்டு இயங்குகிறது. ரயில் பயணத்தில் தனியாக, மிரட்சியோடு இருக்கும் பிள்ளையைக் கண்டால் 139-க்கும் சொல்லலாம். இந்த மூன்று எண்களையும் சங்க அறிவிப்புப் பலகையிலும் உங்கள் வீட்டுக் காலண்டரிலும் எழுதி வையுங்கள். பிள்ளைகளுக்கு 1098-ஐ மனப்பாடம் செய்து வையுங்கள். பத்து, ஒன்பது, எட்டு என்று சொல்லிக் கொடுத்தால் மறக்காது.

மொழிபெயர்ப்பாளர் பதிவேட்டில் சேர விருப்பமுள்ள அன்பர்கள், தங்களுக்குத் தெரிந்த மொழிகளையும் எந்தப் பக்கத்துத் தமிழ் பழக்கம் என்பதையும் ஒரு தாளில் எழுதிச் சங்கக் காரியதரிசியிடம் கொடுத்தால், எல்லாப் பெயர்களையும் சேர்த்து மாவட்ட அலுவலகத்தில் கொடுக்க நான் போகத் தயார். பெண் உறுப்பினர்கள் அதிகமாக முன்வந்தால் மிகவும் நல்லது. பெண் குழந்தைகள் சொல்ல வேண்டியதை ஒரு பெண்ணிடம் சொல்வது அவர்களுக்கு எளிது. பொங்கல் விழாவுக்கு முன் பத்துப் பெயராவது சேர வேண்டும் என்பது என் ஆசை.